இடக்கால்

மான் இரண்டு காலில் நடந்து போயிருந்தது.

கிறகரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மணலில் குந்தியிருந்து மறுபடியும் பார்த்தார். புள்ளிமானின் குளம்புதான், சந்தேகமில்லை. முன்காலை எடுத்த இடத்திலேயே பின்காலை வைத்து நடப்பது மானின் வழக்கம், அப்போது நான்கு தடம் இரண்டாகத் தெரியும். இது அவருக்குப் புதிதல்ல. ஆனால் ஊற்றுக்குப் பக்கத்தில் அது நின்றிருக்கிறது. நிற்கிற மானுக்கு நான்கு கால் வேண்டும். அங்கே இரண்டே இரண்டு குளம்புகள், அருகருகே, பாரத்தோடு புதைந்திருந்தன. வயதாகிவிட்டால் கண் இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டு பலகையை எடுத்து மணலை மட்டமாக்கினார்.

அருவியாற்றுக்குத் தண்ணீர் வடியும் நிலத்தை, மேலே காடு தொடங்கும் இடத்திலிருந்து கீழே ஆறு கடலில் விழும் இடம்வரை, ஒரே சரணாலயமாக்கத் திட்டம் போட்டிருந்தார்கள். எந்த இடத்தில் மனிதன் கால் வைக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்று படத்தில் கோடு கீறவேண்டியவர் கிறகரி. ஆவணி வெயிலில் ஆறு வற்றி வெறும் மணலாகக் கிடந்தது. மிருகங்கள் ஊற்றுத் தோண்டிக் குடிக்கும் இடங்களில் பின்னேரம் மணலை மட்டமாக்கிவிட்டு வந்தால், காலையில் யார் யார் வந்து போனார்கள் என்று கால்தடத்தில் வாசிக்கலாம். உதவிக்கு இருந்த றொகான் மாற்றலாகிப் போய்விட்டான். அவனுக்குப் பதிலாக யாரும் வரவில்லை. பழைய நீர்ப்பாசன விடுதியில் ஒரு கட்டில், ஒரு கதிரை, சுவர் நிறையப் படங்கள், அவர். மனைவி றோசம்மா செத்து இரண்டு வருடமாகிறது. பள்ளிமுனை வீட்டிலும் இதே தனிமைதான், இங்கே அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

சமைத்துக் கொடுக்க ராக்கம்மா வந்தாள். மலைநாட்டிலிருந்து வந்து காட்டோரம் குடியேறிய குடும்பங்களில் ஒருத்தி. சரணாலயம் என்றாலே ஊர்ச்சனம் மாடு மேய்க்க இடமில்லை, விறகுக்கு வழியில்லை என்று சண்டைக்கு வரும். இவர்கள் கூட்டத்துக்கு வந்து தலைகீழாகக் கேட்டார்கள். ஆற்றின் இந்த வளைவை முழுதாக மூடிவிடவேண்டும், ஒரு ஒற்றையடிப் பாதைகூட விடக்கூடாதாம். தண்ணீருக்கு ஆற்றில் இறங்கும்போது ஒவ்வொருவரும் பின்னால் ஒரு பாலைமரக் கொப்பை இழுத்துக்கொண்டு நடப்பதையும் அவர் பார்த்திருந்தார். நடந்த தடம் அப்படியே அழிந்துபோகும். ஏன் என்று கேட்டதற்கு, பழக்கம் என்று மட்டும் ராக்கம்மா சொன்னாள்.

அடுத்த நாள் சிறுத்தை வந்திருந்தது, அதுவும் இரண்டு காலில். அதற்கடுத்த நாள் எருமை. மயில் வந்த காலையில்தான் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, மயிலுக்கு இரண்டு கால் என்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பிறகு அந்தத் தடத்தோடு கூடவே நடந்து பார்த்தார். மயில் ஒரு அடி வைத்த தூரத்துக்கு அவர் இரண்டு அடி வைக்கவேண்டியிருந்தது.

ஏதோ ஒன்று இங்கே கால்களைப் போட்டுப் பார்க்கிறது, கடையில் செருப்புப் போட்டுப் பார்ப்பதுபோல.  இதைக் கந்தோரில் இருக்கிற மேலதிகாரிகளுக்கு எழுதலாம்தான். எழுதினால் கட்டாய ஓய்வு தருவார்கள்.

அன்று பின்னேரம் குளக்கட்டில் ஏறி நின்று மகளோடு கதைத்தார். விடுதியில் சிக்னல் கிடைக்காது. மடு மாதா கோயில் திருநாள் முடிந்ததும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவதாகக் கிருஷிகா சொன்னாள். பேத்தி ஜொய்சிக்கு நான்கு வயது, போன வருடம் பார்த்தது. சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. சந்தோஷத்தைச் சொல்ல ஆளில்லை என்பது அதைவிடத் தாங்கமுடியாமல் இருந்தது. மட்டமாக்கிய மணலின் ஓரத்தில் உட்கார்ந்து, யோசிக்காமலே விரலால் கீறத் தொடங்கினார். றோசம்மா கிணற்றடியில் குளித்துவிட்டு வீட்டுக்குள் வந்தால் சீமெந்துத் தரையில் ஈரக்கால் பதியும். பரந்த முன்பாதம், நிலத்தில் படாத சின்ன விரல். அவர் ஒரு காலைத்தான் கீறினார், இடக்காலை. மற்றதைக் கீறுவதற்குள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. எழும்பி வந்துவிட்டார்.

காலையில் அந்தக் கால் ஊற்றைச் சுற்றி நடந்திருந்தது.

சின்ன விரல் பதியாத இடக்கால். அதற்கு முன்னால் இன்னொரு இடக்கால். அதற்கும் முன்னால் இடக்கால். வலக்கால் எங்குமே இல்லை. அவர் கொடுத்தது அவ்வளவுதான், அதை வைத்துக்கொண்டு அது நடந்திருக்கிறது.

அவள் இல்லை இது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தத் தடத்துக்குள் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெயில் ஏறும்வரை இருந்தார். மனம் அப்படிக் குளிர்ந்து எவ்வளவோ காலம். அன்று பின்னேரம் மணலை ஊற்றடியோடு நிறுத்தவில்லை. ஆற்றிலிருந்து விடுதி வாசல்வரை வாளி வாளியாக மணல் அள்ளிப் பரப்பி மட்டமாக்கினார். ஒவ்வொரு காலையும் இடக்கால்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்தன. படத்தில் அந்த வளைவைச் சுற்றிப் போட்டிருந்த கோட்டை அழித்து, பார்வையாளர் பாதை என்று ஒரு திறப்பு விட்டார். கூலிக்கு ஆள்பிடித்து, மடு வீதியிலிருந்து ஆற்றங்கரையால் வரும் அந்தப் பாதையின் பற்றையையும் வெட்டுவித்தார். அதுதான் கிட்ட, அதாலேயே வா என்று மகளுக்கும் சொன்னார்.

ராக்கம்மா வாசலில் தடங்களைக் கண்ட அன்று உள்ளே வரவில்லை. சோற்றுப் பாத்திரத்தைப் படியில் வைத்தாள்.

"அதுக்குக் காலைக் காட்டிட்டீங்களே ஐயா."

யாரோ பெண்பிள்ளை தண்ணீருக்கு வந்திருக்கலாம் என்று அவர் இழுத்தார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, இரக்கந்தான் இருந்தது. அதுதான் அவரைச் சுட்டது.

"நாளைக்கு நான் வரமாட்டேங்க. நீங்களும் இருக்காதீங்க."

அன்று பொழுதுபட, அவர் விளக்கைக் கொளுத்தப் போனபோது தவளைச் சத்தம் நின்றது. காற்றும் நின்றது. ஆற்றுச் சேற்றின் பச்சை நாற்றமும், அதற்கு அடியில் பழைய இரத்தத்தின் வாடை போல ஒன்றும் கதவின் கீழால் மெதுவாக உள்ளே வந்தன. வெளியே மணலில் ஓர் அடி. பிறகு இன்னோர் அடி. இரண்டும் ஒரே சத்தம். மனிதன் நடந்தால் ஒரு கால் ஒருமாதிரியும் மற்றக் கால் வேறுமாதிரியும் கேட்கும்.

இது ஒரே கால்.

வாசலில் நின்றது.

றோசம்மா என்று கூப்பிட வாய் உன்னியது. பல்லைக் கடித்தார். மூச்சுச் சத்தம் இல்லை. சேலைச் சரசரப்பு இல்லை. பாதத்துக்கு மேலே என்ன இருக்கிறது? அவர் பாதத்தை மட்டும்தானே கீறினார். மேலே இருப்பது எதுவோ, அது இப்போது கதவின் உயரத்துக்கும் மேலே, கூரை ஓட்டில் உரசிக்கொண்டிருந்தது.

விடியும்வரை அவர் கதிரையை விட்டு அசையவில்லை.

வெளிச்சம் வந்ததும் பிள்ளையின் ஞாபகம் வந்தது. இன்றைக்குத்தான் வருகிறார்கள். குளக்கட்டுக்கு ஓடினார். மடுவில் திருநாள் சனம், தொடர்பு எடுபடவில்லை. மறுபடி எடுத்தார். மறுபடி. வராதே, திரும்பிப் போ என்று சொல்ல ஒரே ஒரு நிமிடம் கிடைத்தால் போதும் என்று மாதாவை மன்றாடினார். கடைசியில் மணி போனது, ஆனால் அவள் எடுக்கவில்லை. வெட்டுவித்த பாதைப் பக்கமிருந்து வான் வண்டி ஒன்றின் கோர்ன் அடிக்கிற சத்தம் கேட்டது.

அவர் ஓடினார். முழங்கால் வலித்தது. ஓடினார்.

ஆற்று வளைவில் வான் நின்றது. கிருஷிகா பின்கதவைத் திறந்து பைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். வானுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னச் செருப்புகள் கழற்றிக் கிடந்தன. அப்பாவைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. பிறகு அவருக்குப் பின்னால் பார்த்தாள்.

"ஜொய்சி எங்கயப்பா? உங்களைக் கண்டிட்டுத்தானே கையை ஆட்டிக்கொண்டு ஓடினவள்?"

அவர் மணலில் இறங்கினார்.

நேற்று அவரே மட்டமாக்கிய மணல். வெயிலில் வெளேரென்று கிடந்தது. அதில் சின்னப் பாதங்கள் துள்ளித் துள்ளிப் போயிருந்தன. ஓர் இடத்தில் குதிக்கால் பதியவில்லை, கையை உயர்த்தி நுனிவிரலில் எம்பியிருக்கிறாள். எதிரே இரண்டு இடக்கால்கள் நின்றன. இரத்தம் இல்லை. இழுபட்ட அடையாளம் இல்லை.

அங்கிருந்து ஒரே ஓர் ஆள்தான் காட்டுப் பக்கம் போயிருந்தது.

இடக்கால் றோசம்மாவுடையது. சின்ன விரல் பதியவில்லை.

வலக்கால் இருந்தது.

அது அவருடைய உள்ளங்கையளவுதான், நான்கு வயதுப் பிள்ளையின் கால். பெரிய இடக்கால், சின்ன வலக்கால், பெரிய இடக்கால், சின்ன வலக்கால். கொஞ்சமும் நொண்டாமல், இரண்டும் ஒரே ஆழத்தில் பதிந்து, மருத மரங்களுக்குள் போயிருந்தன.