படியேறிய பவளம்

மாடிப்படியில் நின்ற வெள்ளம் உப்புக் கரித்தது.

பேட்ரிசியாதான் முதலில் சொன்னாள். கை கழுவக் குனிந்தவள் விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கணவனைக் கூப்பிட்டாள். ஸ்தனிஸ்லாஸ் நம்பவில்லை. எழுபத்தேழாம் வருஷத்து நவம்பர்ப் புயலில் ஆற்றுக் கரை உடைந்து உறையூருக்குள் புகுந்த தண்ணீர் அது. சேறும் வைக்கோலும் செத்த கோழிகளுமாகத் தெருவில் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. கடலுக்கு இங்கிருந்து அரைப்பகல் பஸ்ஸில் போகவேண்டும். சாக்கடை கலந்திருக்கும், வாயில் வைக்காதே என்று அதட்டினான். ஆனால் படிக்கட்டை ஒட்டிய தண்ணீர் மட்டும் கலங்கல் இல்லாமல், கீழ்ப்படிகளின் மூலைமுடுக்கெல்லாம் தெரியும்படி தெளிந்திருந்ததை அவனும் பார்த்தான்.

அவன் கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துபவன். பவளங்களைப் பற்றி ஆராய்ச்சி. ராமேஸ்வரத்துக்கு முன்னாலுள்ள மண்டபம் கடற்கரைக்குப் போய்ப் போய்ச் சேகரித்தவை, மான்கொம்பு போலக் கிளைத்தவையும் மூளை போல மடிந்தவையும், வெயிலில் காய்ந்து வெளுத்து, கீழ்வீட்டு முன்னறையில் சாக்குச் சாக்காகக் கிடந்தன. அன்று விடியற்காலையில் வெள்ளத்துக்குப் பயந்து தெருவே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியபோது பக்கத்து வீட்டு வீராயி வந்து கதவைத் தட்டினாள். பேட்ரிசியா புறப்படத் தயாராகிவிட்டாள். அவன்தான் சாக்குகளை மாடியில் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று நின்றான். அவனை விட்டுப் போக மனமில்லாமல் அவளும் நின்றாள். முதல் சாக்கைத் தூக்குவதற்குள் தண்ணீர் இடுப்பைத் தொட்டது. ஒரு பன் பொட்டலமும் குடத்துத் தண்ணீருமாக, வெளிப்புறப் படி ஏறி, வீட்டுக்காரர் பூட்டாமல் விட்டிருந்த மாடியறைக்குள் ஒதுங்கினார்கள். கயிற்றை அறுத்துக்கொண்டதோ என்னவோ, வீராயியின் வெள்ளாடும் நடுப்படியில் வந்து நின்றது.

மறுநாளும் மழை விடவில்லை. சுவரெல்லாம் பாசி படிந்த அந்த அறைக்கு ஒரே ஒரு கம்பி ஜன்னல். அதன் வழியே தெரிந்ததெல்லாம் தண்ணீரும், தண்ணீருக்கு மேல் மிதக்கும் ஓட்டுக்கூரைகளும், மேகத்துக்குள் பாதி மறைந்த மலைக்கோட்டையும்தான். பொழுது சாயும் நேரத்தில் மழைச் சத்தம் கொஞ்சம் தணிந்தது. அப்போதுதான் கீழிருந்து அந்த ஓசை எழுந்தது. சூடான எண்ணெயில் கைப்பிடி கடுகை அள்ளிப் போட்டது போல, பொரிந்து பொரிந்து, ஓயாமல்.

“யாரோ தாளிக்கிற மாதிரி இல்லைங்க?” என்றாள் பேட்ரிசியா.

ஸ்தனிஸ்லாஸுக்கு அந்த ஓசை தெரியும். மண்டபத்தில் கடலுக்குள் தலையை முக்கியபோதெல்லாம் காதில் நிறைந்த ஓசை. பாறை இடுக்குகளில் குடியிருக்கும் சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் ஓசை. உயிருள்ள பவளப்பாறையில்தான் அது கேட்கும்.

அவன் தனக்குத்தானே பாடம் நடத்திக்கொண்டான். சாக்கில் இருப்பது வெறும் சுண்ணாம்பு. அதன் நுண்குழிகளில் குடியிருந்த மெல்லிய உயிர்கள் செத்து வருஷக்கணக்காகிறது. உயிரோடு இருந்தால்கூட நல்ல தண்ணீர் பட்டாலே செத்துப்போகும், சேறு பட்டால் மூச்சடைக்கும். ஒரு விரற்கடை வளர வருஷம் ஆகும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடுகு பொரிவது மட்டும் நிற்கவில்லை. கூடவே ஒரு வாடை, கருவாட்டுக் கூடையும் ஈர மணலும் கலந்தது போல, படியேறி அறைக்குள் வந்தது.

காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த ஆடு கத்துவதை நிறுத்தியிருந்தது. முழங்கால் அளவு தண்ணீரில் அசையாமல் நின்று அசைபோட்டது. படியில் ஒதுங்கிய வாழையிலையைப் பேட்ரிசியா நீட்டினாள். அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாவம், மேலே வரட்டும் என்று கொம்பைப் பிடித்து இழுத்தாள். உடம்பு வந்தது, கால்கள் வரவில்லை. எதிலாவது சிக்கியிருக்கும் என்று தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவியவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். காஞ்சொறி பட்டது போல விரல்கள் சிவந்து தடித்திருந்தன. என்னவோ பூ மாதிரி மிருதுவாக இருந்தது, ஆனால் பிடித்துக்கொண்டது என்றாள்.

இருட்டியது. ஸ்தனிஸ்லாஸ் டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். தண்ணீர் ஏறவில்லை, மதியம் நின்ற படியிலேயே நின்றது. அதற்கு மேலே ஈரப் படிகள்தான் வெளுத்திருந்தன. உப்புப் பூத்தது போல. சொரசொரவென்று. வெளிச்சத்தை ஆட்டின் மேல் திருப்பினான்.

ஆடு நின்றுகொண்டிருந்தது. கழுத்து வரை வெள்ளை. அந்த வெள்ளை முழுக்க நகக்கண் அளவுப் பூக்கள், இதழ் இதழாக விரிந்து, காற்றே இல்லாமல் அசைந்தன. வெளிச்சம் பட்டதும் அத்தனையும் ஒரே நொடியில் உள்ளே இழுத்துக்கொண்டன. மிஞ்சியது ஆட்டின் வடிவத்தில் ஒரு கல். கல் முழுக்கத் துளைகள். கண்கள் மட்டும் இன்னும் ஆட்டின் கண்கள்.

அவன் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். பேட்ரிசியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், மீதமிருந்த பாதி பன்னை எடுத்து நீட்டினான். நேற்று மாலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை.

“எனக்குப் பசிக்கலைங்க. நீங்க சாப்பிடுங்க.”

“ஒரு வாய் சாப்பிடு, பேட்ரிசியா.”

“வேணாங்க. இப்பதான் சாப்பிட்ட மாதிரி வயிறு நெறைஞ்சு இருக்கு.”

பன் அவன் கையிலிருந்து விழுந்தது. வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு அவன் சொல்லிக்கொடுப்பது அது. பவளத்தில் வாய்கள் ஆயிரம். வயிறுகள் எல்லாம் ஒன்றோடொன்று தொடர்ந்தவை. ஒரு வாய்க்கு இரை கிடைத்தால் போதும். எல்லாவற்றுக்கும் பசி ஆறிவிடும்.

கீழே ஆடு.

அவள் கையைப் பற்றினான். சிவந்த விரல்களின் சிவப்பு போயிருந்தது. வெளுத்திருந்தன. சொரசொரத்தன. எழுந்திரு என்றான். அவள் எழ முயன்றாள், முடியவில்லை, ஏன் என்று கேட்பது போல அவனைப் பார்த்தாள். தோளைப் பிடித்து இழுத்தான். சேலை கிழிந்தது. முதுகு சுவரோடு சுவராக இருந்தது. அவளுக்கு வலிக்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. இழுக்காதீங்க என்று மெல்லச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மாதாவே மாதாவே என்று அவன்தான் முனகிக்கொண்டிருந்தான்.

வெளியே போக வழி இல்லை. படி அவற்றினுடையது. ஜன்னலில் கம்பி.

வெள்ளம் ஏறாவிட்டாலும் கதவிடுக்கு வழியாக உப்புநீர் கசிந்தது. அவன் அறையின் நடுவே குந்தி உட்கார்ந்தான். சுவரில் சாயக்கூடாது. கையை ஊன்றக்கூடாது. காலை மாற்றி மாற்றி வை. தூங்காதே. பசி வயிற்றைப் பிறாண்டியது. நல்லது, பசிக்கட்டும். பசிக்கிற வரைக்கும் நான் நான்தான். தூங்காதே. காலை மாற்று. தூங்காதே.

கண் விழித்தபோது வெயில்.

கதவு உளுத்துப்போனது போல வெளுத்து, தாழோடு பெயர்ந்து விழுந்திருந்தது. எதிரே படிக்கட்டு முழுசாகத் தெரிந்தது. மழை விட்டிருந்தது. எங்கேயோ ஒரு கூப்பாடு. துடுப்பு தண்ணீரைத் தள்ளும் சத்தம். ஜீயபுரத்துப் பக்கமிருந்து வந்த பரிசல் ஒன்று தெருவுக்குள் திரும்பியது. வீராயி சொல்லி அனுப்பிய பரிசல்காரப் பிச்சை மாடியை அண்ணாந்து பார்த்தான்.

“சார், உள்ள இருக்கீங்களா? பயப்படாதீங்க. இதோ வந்துட்டேன்.”

ஸ்தனிஸ்லாஸ் எழுந்திருக்கப் பார்த்தான். தரை விடவில்லை. குனிந்து பார்க்கக் கழுத்தும் வளையவில்லை. எங்கும் வலி இல்லை. பசியும் இல்லை; விருந்துக்குப் போய் வந்தவன் போல வயிறு சுகமாகக் கனத்தது.

வராதே என்று கத்த வாயைத் திறந்தான். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

பிச்சை பரிசலைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து அணைத்தான். வெறுங்காலைத் தூக்கித் தெளிந்த தண்ணீருக்கு மேல் நீட்டினான். பகலில் விரியாதவை, நல்ல வெயிலில், படிக்குப் படி, ஓராயிரமாக ஒரே சமயத்தில் விரிந்தன.

கால் இறங்கியது.

ஸ்தனிஸ்லாஸின் நாக்கில் எச்சில் ஊறியது.