நான்காவது எலுமிச்சம்பழம்

சர்வீஸ் சென்டரில் மூன்று முறை காரை விட்டாயிற்று. மூன்று முறையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிரேக்கில் சத்தம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். தனியாக ஓட்டும்போது ஹரிகிருஷ்ணனுக்கும் கேட்டதில்லை. நாலு வயது மகள் சஹானா பின்சீட்டில் இருந்தால் மட்டும் கேட்டது. பிரேக்கில் கால் பட்டதும் இடது பின்சக்கரத்திலிருந்து, ஈரக் கண்ணாடியில் விரலை அழுத்தி இழுப்பதுபோல் மெல்லியதாகக் கிளம்பி, பல் கூசும்படி ஏறிக்கொண்டே போய், கார் நின்ற பிறகும் ஒரு நொடி நீடித்தது.

அந்த ஒரு நொடிதான் அவனை உறுத்தியது. நின்றுவிட்ட சக்கரம் எப்படிக் கத்தும்?

கார் வாங்கி ஏழு மாதம்தான். கல்பாக்கத்து உப்புக்காற்றில் புது இரும்பும் சீக்கிரம் துருவேறும் என்று ஆபீஸில் சொன்னார்கள். அவன் அதை நம்ப விரும்பினான்.

சனிக்கிழமை மதியம், செங்கல்பட்டில் மெக்கானிக் கலையரசனின் ஷெட்டுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனான்.

"இன்னா சார், ஏழு மாசக் கொயந்தைக்கு அதுக்குள்ள இருமலா?" என்று சிரித்தபடி கலையரசன் சாவியை வாங்கிக்கொண்டார். தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தார். சத்தம் இல்லை. பிறகு அவர் பின்சீட்டில் இடது பக்கம் உட்கார, ஹரி ஓட்டினான். அப்போதும் இல்லை. அவர் இறங்கிய இடத்தில் சஹானாவை உட்கார வைத்தார்கள்.

கத்தியது.

"நான் தொண்ணூறு கிலோ. எனக்குக் கத்தாத வண்டி இந்தப் பொடிசுக்குக் கத்துது பாரு," என்று சிரித்தார். இன்னொரு முறை ஓட்டிக் காட்டச் சொன்னார். அந்த முறை சிரிக்கவில்லை.

சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மைத் தட்டி எடுத்தார். உள்ளே கறுப்புத் தூசி படிந்திருக்க வேண்டும். கழுவித் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. கிரீஸும் சூடான இரும்பும் நாறும் அந்த ஷெட்டில், அப்போதுதான் நறுக்கியதுபோல் எலுமிச்சை வாசனை எழுந்தது. கலையரசன் ஸ்க்ரூடிரைவர் நுனியால் எதையோ நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

ஒரு விதை. ஈரமாக இருந்தது.

"பூஜை எங்க போட்டீங்க?"

"சிங்கப்பெருமாள் கோயில்ல."

"நாலு பழமும் நசுங்கிச்சா?"

"மூணுதான்," என்றான் ஹரி. நாலு சக்கரத்துக்கு அடியிலும் நாலு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். காரை முன்னால் எடுத்தபோது மூன்று நசுங்கின. இடது பின்சக்கரத்துப் பழம் மட்டும் பிதுங்கி வெளியே வந்து, முழுசாக உருண்டு, அவன் மனைவி ஸ்ரீதேவியின் காலருகே நின்றது. பட்டர் அதற்குள் அடுத்த வண்டிக்குப் போய்விட்டிருந்தார். அவள் எடுத்துத் துப்பட்டாவில் துடைத்தாள். "தங்கம் மாதிரி இருக்கு. இதப் போய் யாராவது தூக்கிப் போடுவாங்களா?"

வீட்டுக்கு வந்ததும் அதைப் பிழிந்து ஜூஸ் போட்டாள். அவனுக்கு ஜலதோஷம், வேண்டாம் என்றான். தம்ளரில் மீதமிருந்த ஒரு வாயைச் சஹானாவுக்குக் கொடுத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்துத் தலையை உதறியதைப் பார்த்து இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பதினோரு விநாடி வீடியோ இன்னும் அவன் போனில் இருக்கிறது.

பதினோரு வாரம் கழித்து ஒரு மதியம் ஸ்ரீதேவிக்குத் தலைவலி. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். பின்சீட்டில் இடது பக்கம், கண்ணாடியில் தலை சாய்த்து, மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தான். ஆஸ்பத்திரி வாசலில் பிரேக் போட்டபோது அவள் தலை முன்னால் தொங்கியது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். எப்போது என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை.

"சக்கரத்துக்குக் குடுத்தது காவு சார்," என்றார் கலையரசன். "நசுங்கலன்னா வேற பழம் வெச்சு ஏத்திருக்கணும். அத இன்னா பண்ணீங்க?"

"ஜூஸ் போட்டோம்."

"யாரு குடிச்சது?"

"என் மனைவி."

"அவங்க எங்க?"

"இல்ல."

கலையரசன் கையிலிருந்த விதையைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை வைத்து விளையாடிக்கொண்டிருந்த சஹானாவைப் பார்த்தார்.

"பாப்பா?"

"ஒரு வாய்."

அவர் சக்கரத்தை மாட்டினார். எதிர்க் கடையிலிருந்து ஒரு பழம் வாங்கி வந்து அதன் அடியில் வைத்தார். ஹரி காரை நகர்த்தினான். பழம் பிதுங்கி வெளியே வந்தது. மறுபடி வைத்தார். மறுபடி வந்தது. மூன்றாம் முறை இரண்டு பக்கமும் செங்கல் வைத்து அடைத்தார். சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்குவது ஹரிக்கு முதுகில் தெரிந்தது.

இறங்கி வந்து பார்த்தான். செங்கற்களுக்கு நடுவே தோல் இல்லை. சாறு இல்லை. காய்ந்த மண்.

"கெளம்புங்க சார்." கலையரசனின் குரல் இறங்கியிருந்தது. "பொழுதோட வூட்டுக்குப் போய்ச் சேருங்க. மெதுவாப் போங்க. முடிஞ்சவரைக்கும் பிரேக்க தொடாதீங்க."

பஸ் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. சஹானா வழக்கமான இடத்தில் ஏறிக்கொண்டாள். அவன் பெல்ட்டை மாட்டிவிட்டான்.

இரண்டாவது கியரிலேயே ஓட்டினான். திருக்கழுக்குன்றத்து மலைமேல் வெளிச்சம் மஞ்சளாக மெலிந்துகொண்டிருக்க, பின்னால் வந்த பஸ்கள் ஹாரனை விடாமல் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போக, வேகத்தடைகளில் கார் தூக்கித் தூக்கிப் போட, அவன் வலது காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக, பிரேக் பெடலின் பக்கமே கொண்டுபோகாமல், வயல்களைக் கடந்து கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். ஜன்னல்கள் மூடியிருந்தன. எலுமிச்சை வாசனை முதலில் லேசாக வந்தது. பிறகு கண்ணை எரித்தது.

"அப்பா, புளிக்குது."

கண்ணாடியில் பார்த்தான். சஹானா இரண்டு கைகளையும் வாயில் வைத்திருந்தாள். விரல்களுக்கு நடுவே மஞ்சள்.

"என்ன அது? யார் குடுத்தா?"

"உருண்டு வந்துச்சு."

"துப்பு. சஹானா, துப்பும்மா!"

இடது கையைப் பின்னால் நீட்டினான். எட்டவில்லை. கார் வளைந்தது. எதிரே லாரி. திருப்பினான். யோசிக்காமல் பிரேக்கை மிதித்தான்.

சத்தம் இல்லை.

காலை எடுத்தான். கார் உருண்டது. மறுபடி லேசாகத் தொட்டான்.

இல்லை.

"சஹானா."

கண்ணாடியில் அவள் தலை இடது பக்கம் சாய்ந்து ஜன்னலில் ஒட்டியிருந்தது. கண்கள் மூடியிருந்தன. இந்த நேரத்துக்குத் தூங்கிவிடுவாள். தினமும் தூங்குவாள். தூங்குகிறாள்.

"சஹானா. கண்ணு. அப்பாவைப் பாரு."

ஓரம் கட்டலாம். நிறுத்தலாம். திரும்பிப் பார்க்கலாம். நிறுத்தினால் தெரிந்துவிடும். அவன் நிறுத்தவில்லை. கல்பாக்கத்து விளக்குகள் வந்தன. கடைத்தெரு போனது. குடியிருப்பின் கேட் வந்தது. தடுப்புக் கம்பு இறங்கியிருந்தது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு. காவலாளி கையை உயர்த்தினார்.

பத்தடி.

ஐந்தடி.

மிதித்தான். கார் சத்தமே இல்லாமல் நின்றது.

கண்ணாடியில் அந்தச் சின்னத் தலை ஜன்னலை விட்டு விலகி, மெல்ல, முன்னால் தொங்கியது.

சீட்டுக்கு அடியிலிருந்து ஏதோ வழுக்கி வந்து அவன் குதிகாலில் இடித்தது. குனிந்து பார்த்தான். எலுமிச்சம்பழம். தட்டையாக நசுங்கியிருந்தது. தோலின் ஒரு பக்கம் டயரின் கோடுகள். மறுபக்கம், வரிசையாக, பால்பற்களின் தடம்.