பாதி அளவு மருந்து

கரப்பான்பூச்சிக்கு மருந்தடிப்பது என் பிழைப்பு. அன்று காலை பதினோரு மணிக்கு நான்காவது மாடி வீட்டுக்குப் போனபோது, வழக்கம்போல அந்த வீட்டு அம்மாதான் கதவைத் திறந்தார். உள்ளே அவருடைய ஒன்பது வயது மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மூச்சு இழுக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது.

“அண்ணே, பூச்சி போகாம இவளுக்கு இழுப்பு நிக்காதுன்னு டாக்டர் கையை விரிச்சிட்டாரு. இன்னைக்காவது ஒழிச்சிருங்க.”

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தப்பு என்னுடையது. குழந்தை இருக்கிற வீடாயிற்றே என்று பாவம் பார்த்து, ஆறு வருஷமாக மருந்தைப் பாதி அளவுதான் கலந்தேன். சோப்ளாங்கிகள் செத்தன. தாக்குப்பிடித்தவை குஞ்சு பொரித்தன. பெரிய மேதாவி நான், விஷம் ஊட்டி வளர்த்திருக்கிறேன்.

இருவரையும் மாடிப்படியில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தித் தாழிட்டேன். இரண்டு மடங்கு மருந்து கலந்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் அடித்தேன். பழைய எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து நெடி தொண்டையைப் பிடித்தது.

சுவருக்குள் சரசரவென்று சத்தம்.

வந்தன. ஓடவில்லை, மல்லாக்க விழவில்லை. தரையில் தேங்கிய மருந்தைச் சுற்றி நின்று, மீசையைத் தாழ்த்திக் குடித்தன.

இன்னும் அடித்தேன். டப்பா காலியாகும்வரை அடித்தேன். பயத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

குடித்து முடித்தன.

எல்லாம் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பின.

கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக, அந்தப் பிள்ளை மூச்சு வாங்கும் பக்கம் போயின.

கதவுக்கு ஓடினேன். தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டித் திறப்பதற்குள் அவளுடைய மூச்சுச் சத்தம் அடங்கிவிட்டது.

படியில் ஒரு பூச்சிகூட இல்லை. அந்த அம்மா மகளைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

“பாருங்கண்ணே, மூச்சு சீரா விடுறா. நீங்க நல்லா இருக்கணும்.”

“பூச்சி எதுவும் வரலையாம்மா?”

“தெரியலையே. நான் கண்ணை மூடிக் கும்பிட்டுட்டு இருந்தேன்.”

மூச்சு சீரானது உண்மைதான். சிறுமியின் மார்பு அமைதியாக ஏறி இறங்கியது. கன்னத்தில் நிறம்கூட வந்திருந்தது. தப்பித்தேன் என்று அவள் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தேன்.

அவள் என் ஈரக் கையுறையை மெல்ல இழுத்து முகர்ந்தாள். அம்மாவுக்குக் கேட்காதபடி என் காதருகே வந்தாள்.

“மாமா, பசிக்குது. அந்த மருந்து இன்னும் கொஞ்சம் இருக்கா?”