மக்காச்சோள மாவும் மூன்று முயல்களும்

மில் தொழிலாளி பழனாத்தாள் கைக்கட்டை அவிழ்த்ததும் ராசப்பன் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். உள்ளங்கைத் தோல் நனைந்த காகிதம்போல் உரிந்து, சிவப்பாக நீர் கசிந்தது.

"காஸ்டிக் சோடாவுல கைய உட்டுப்போட்டேன்னு மில்லுல சொல்றாங்கம்மா. சத்தியமா இல்லீங்க. மக்காச்சோள மாவு அள்ளுனது மட்டுந்தானுங்க."

ஹபீபுன்னிசா கால்நடை நோய் ஆய்வில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். 1996-இல் துடியலூரில் அவர் வீடு தேடி இப்படிப்பட்ட வழக்குகள் வந்தன. கூடமாட உதவிய ராசப்பனுக்கு நாற்பத்தைந்து வயதிலும் துப்புத் துலக்கும் ஆசை தீரவில்லை.

"வாயைத் திறங்க அம்மணி." நாக்கிலும் கொப்புளங்கள். "மாவைத் தின்னு பார்த்தீங்களா?"

"மூட்டைக்கு ஒரு சிட்டிகை ருசி பாக்கச் சொல்லுவாங்க."

"காஸ்டிக் சோடாவை யாரும் ருசி பார்க்க மாட்டாங்க. வண்டியை எடுங்க ராசப்பா."

பெருந்துறை மில்லில் குழந்தைகளுக்கான சத்துமாவு தயாரானது. கிடங்கில் அடிமூட்டைகள் பச்சையும் ரோஜா நிறமுமாகப் பூஞ்சை பிடித்து, புளித்த வாந்தி போல் நாறின. ராசப்பன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மேலுக்குத்தானுங்க அப்படி" என்றார் தரச் சோதனை பார்க்கும் மோகன்குமார். "மாவுச் சாறை மூணு முயல் முதுகுல தடவிப் பார்த்தாச்சுங்க. தோல் சிவக்கவே இல்லை. அறிக்கை இருக்குதுங்க."

"முயல் எங்கே?"

"வாங்கின இடத்துக்கே திருப்பிக் கொடுத்துட்டோமுங்க."

சோதனை அறையில் காலிக் கூண்டு இருந்தது. அதன் தட்டில் கிடந்ததை ஹபீபுன்னிசா காகிதத்தில் வழித்துப் பொட்டலம் கட்டி ராசப்பனிடம் நீட்டினார். முகம் சுளித்தபடி அவர் வாங்கிக்கொண்டார்.

முதலாளி பாலுசாமியின் மேசை மேலேயே, மோகன்குமாரும் கூட வந்திருந்த பழனாத்தாளும் பார்க்க, பொட்டலம் பிரிந்தது.

"என்னங்கம்மா இது, கருமம்!"

"புழுக்கைங்க. முயலோடது கொண்டைக்கடலை மாதிரி உருண்டையா இருக்கும். இது சீரகம் மாதிரி இருக்கு. கூண்டுல இருந்தது சுண்டெலி."

"எதுவா இருந்தா என்னங்க?"

"இந்தப் பூஞ்சை விஷம் பட்டா முயல் தோல் வெந்துபோகும். மனுசத் தோலும் அப்படித்தான். சுண்டெலித் தோல் லேசுல சிவக்காது. விஷம் ஒண்ணுதான். ஆனா ஒவ்வொரு உயிரோட தோல் செல்லும் அதை ஒவ்வொரு விதமாத் தாங்குது."

"மோகன்குமாருக்கு அது தெரியாம இருந்திருக்கலாமே?" என்றார் ராசப்பன் ஆவலாக.

"தெரியாதவர் சுண்டெலின்னே எழுதியிருப்பார். பொய்யா முயல்னு எழுதினாரே, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சவர்தான் அப்படி எழுதுவார்."

மோகன்குமாரின் முகம் வெளிறியது. மழையன்று தார்ப்பாய் போட மறந்ததையும், கிடங்கு முழுதும் நனைந்ததையும், வேலை போய்விடுமென்று பயந்ததையும் மெல்லச் சொன்னார். முதல் முயலின் முதுகு ஒரே நாளில் புண்ணாகிவிட்டதாம்; அதன்பிறகுதான் சுண்டெலிக்கு மாறினாராம். கடைசியில் முதலாளியைப் பார்த்து, "எலிக்கு ஒண்ணும் ஆகலீங்களே சார்" என்றார்.

அவர் முகத்தில் காறித் துப்பவேண்டும் போலிருந்தது ராசப்பனுக்கு.

பாலுசாமி எழுந்து பழனாத்தாளைப் பார்த்துக் கைகூப்பினார். "உன்னையப் பொய்க்காரின்னு சொல்லிப்போட்டேனே, அம்மணி."

"என்னைய உடுங்க. காலைல சத்துமாவு லோடு கடைக்குப் போச்சுங்களே!"

காந்திபுரத்துக் கடையை அவர்கள் அடைந்தபோது மாலை மணி ஐந்து. நாற்பது பெட்டிகளில் முப்பத்தெட்டு பிரிக்காமல் இருந்தன. மீதி இரண்டும் விற்றுப் போயிருந்தன.

ராசப்பன் பிரிக்காத பெட்டிகளை வண்டியில் ஏற்றத் தொடங்கினார். ஹபீபுன்னிசா கடைக்காரர் பக்கம் குனிந்து நிதானமாகக் கேட்டார்: "வாங்கினவங்க முகம் ஒண்ணாவது ஞாபகம் இருக்குதுங்களா?"