வார்னிஷ் அடிக்காத விளக்குக்காரி

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கீழே விழுந்த கரண்டியை எடுக்க அவன் மனைவி குனிந்தபோது, அவளுடைய இடது காதுக்குப் பின்னால் கடுகளவு சாம்பல் புள்ளி ஒன்று தெரிந்தது. மச்சம் இல்லை. அவளுக்கு எங்கெங்கே மச்சம் என்பது இந்தப் பதினாறு வருடத்தில் அவனுக்கு அத்துப்படி. அழுக்காக இருக்குமென்று கட்டை விரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தான். புள்ளி போகவில்லை. மிளகளவு ஆனது.

"என்னங்க பண்றீங்க அங்க?"

"ஒண்ணுமில்ல. ஏதோ தூசி."

"தொட்டதே தெரியல எனக்கு" என்று சொல்லிவிட்டு அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அவன் விரல் நுனியில் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. மேல் பக்கம் அவளுடைய தோலின் நிறம். திருப்பினால் சாம்பல். உரிந்த தோலாக இருந்தால் வெளுத்துச் சுருண்டிருக்கும். இது சுருளவில்லை. நகத்தால் அழுத்தியதும் பொரிந்து உடைந்தது. இப்படி உடைகிற ஒன்றை அவன் இருபது வருடமாகக் கையாண்டு வருகிறான். ஆனாலும் அதன் பெயரை மனசுக்குள் சொல்லிப் பார்க்கக்கூட அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் பட்டறையில் அவனுக்கு வேலை. பக்கத்துப் பல்லின் நிறத்தைப் பார்த்து, அதற்கு ஒத்துப்போகிற மாதிரி புதுப் பல்லுக்கு வண்ணம் ஏற்றுவான். நிறத்தில் அவன் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்பார்கள் அங்கே. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் வேறு ஒரு பித்து. படித்து முடித்த வயதில் பன்னிரண்டு பாகங்கள் கொண்ட மாயாஜால நாவல் ஒன்றில் விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. அதில் வருகிற அரசர்கள், சூனியக்காரிகள், எலும்புக் குதிரைமேல் வருகிற வீரர்கள் எல்லோரும் கட்டை விரல் உயரத்தில் வெள்ளீயப் பொம்மைகளாகக் கிடைத்தார்கள். வெறும் உலோகமாக வாங்கி, அரத்தால் பிசிறு நீக்கி, சாம்பல் நிற அடிப்பூச்சு அடித்து, அதன்மேல் வண்ணம் தீட்டி, கடைசியில் வண்ணம் உரியாமலிருக்க வார்னிஷ் அடித்து அலமாரியில் நிறுத்துவான். இப்போது நூற்று நாற்பது பேர் நின்றார்கள். "உங்க சின்ன வீடு" என்பாள் மனைவி அந்த அலமாரியை. வாரம் தவறாமல் அதைத் தூசி தட்டுவதும் அவள்தான்.

அந்த அறைக்குப் போனான். காலையிலிருந்து விடாமல் மழை. சுவர்கூட ஈரமாக மூச்சு விடுகிற மாதிரி ஒரு நெடி. அதன்மேல் வண்ணம் கரைக்கிற தின்னர் வாசனை. மேசைக்கடியில் வாய் அகன்ற கண்ணாடி ஜாடி இருந்தது. தீட்டியது சொதப்பிவிட்டால் பொம்மையை அதிலுள்ள திரவத்தில் ஊறப்போட்டுவிடுவான். மறுநாள் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் கண், மூக்கு, மீசை எல்லாம் கழன்று வெறும் உலோகம் வந்துவிடும். நேற்றுப் போட்ட குதிரை வீரன் ஒருவன் உள்ளே கிடந்தான். அவன் முகம் தனியே பிரிந்து, பாலாடை போல மேலே மிதந்துகொண்டிருந்தது.

அலமாரியின் நடுத்தட்டில், முன்வரிசையில் விளக்குக்காரி நின்றாள்.

அந்த நாவலின் ஒன்பதாம் பாகத்தில் வருகிறவள் அவள். செத்தவர்கள் போகிற சாம்பல் நாட்டிலிருந்து கையில் விளக்கோடு தானே நடந்து திரும்பி வருவாள். அவளை அவன் தீட்டியது மூன்று மாதத்துக்கு முன்னால். மனைவி காய்ச்சல் முற்றி, மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்த ஒன்பது நாட்களில். "சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் சொல்லிடுங்க" என்று டாக்டர் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை, பத்து நிமிடம்தான் பார்க்க விடுவார்கள். மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல், அவள் இல்லாத வீட்டில் பைத்தியம் பிடித்துவிடுமோ என்ற பயத்தில், பிரஷ்ஷைக் கையில் எடுத்தான். விளக்குக்காரிக்கு அவனையறியாமலே மனைவியின் முகம் வந்தது. இடது புருவத்தில் சின்ன வயதில் விழுந்த வெட்டு. மேலுதட்டோரம் மச்சம். பிரஷ் நுனி கூராக இருக்க ஒவ்வொரு தடவையும் நாக்கில் வைத்து இழுப்பது அவன் பழக்கம், அழுதுகொண்டேதான் இழுத்தான்.

கண்ணைக் கடைசியில்தான் வைப்பான். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது கண்மணியைத் தொட்டு எடுத்த அதே நொடியில் போன் அடித்தது. மச்சான்.

"மாமா, அக்கா கண்ண தொறந்துட்டா மாமா. இப்பதான். ஒங்கள கேக்குறா."

அன்றைக்கு அதைத் தற்செயல் என்று நினைக்கக்கூட அவனுக்கு நேரமில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினான். அன்றும் மழை. மழை நாளில் வார்னிஷ் அடிக்கக் கூடாது என்பது இந்தப் பித்துப் பிடித்தவர்கள் எல்லோரும் முதலில் படிக்கிற பாடம். காற்றிலிருக்கும் ஈரம் உள்ளே சிக்கிக்கொண்டு மேலே வெண்மையாகப் பூத்துவிடும், பிறகு முகமே தெரியாது. வெயில் வரட்டும், அப்புறம் அடித்துக்கொள்ளலாம் என்று வைத்தவன், அவள் வீடு திரும்பிய சந்தோஷத்தில் அதை மறந்தே போனான்.

இப்போது பொம்மையை எடுத்து விளக்கடியில் திருப்பினான். இடது காதுக்குப் பின்னால், வண்ணம் உரிந்து, ஊசி முனையளவு சாம்பல் புள்ளி.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். வலது மணிக்கட்டிலும் முன்கையிலும் உரிந்திருந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும் தேய்ந்து மினுங்கியது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் படுகிற இடம். மனைவிதான். ஞாயிறுதோறும் மற்ற பொம்மைகளை ஒரு தட்டுத் தட்டுகிறவள், இதை மட்டும் கையில் எடுத்து, துணியால் இரண்டு தடவை துடைத்து, "இது நான்தானே? மூக்கு மட்டும் கொஞ்சம் பெருசு" என்று கேட்டுச் சிரித்துவிட்டு வைப்பாள்.

மூன்று மாதமாகப் பார்த்தும் பார்க்காமலிருந்தவை ஒவ்வொன்றாக வந்தன. அடுப்பிலிருந்து கொதிக்கிற பாத்திரத்தை வெறும் கையால் இறக்கினாள். இந்தப் புழுக்கத்தில் அவளுக்கு வேர்க்கவில்லை. குளிருது என்று முழுக்கைச் சட்டையாகவே போட்டாள். பக்கத்தில் படுத்தால் தின்னர் வாசனை. தன் கையிலிருந்து வருகிறதென்றே நினைத்திருந்தான்.

உரிந்த இடத்தைத் தொட்டு அடைத்துவிட்டால் போதும் என்று உட்கார்ந்தான். அங்கேதான் மாட்டிக்கொண்டான். அவள் தோல் நிறத்தை அன்று கிண்ணத்தில் கைபோன போக்கில் கலந்திருந்தான். எதில் எத்தனை சொட்டு என்று எப்போதும் நோட்டில் எழுதி வைப்பவன், அந்த ஒன்பது நாளில் ஒரு வரி எழுதவில்லை. ஊரார் பல்லுக்கெல்லாம் நிறம் சேர்க்கிறவன் ஒரு மணி நேரம் போராடினான். பழுப்பு கூடியது. மஞ்சள் கூடியது. கடைசியில் ஏறக்குறைய வந்ததை எடுத்து, பிரஷ்ஷை நாக்கில் இழுத்து, காதுக்குப் பின்னால் ஒரு தொடு தொட்டான்.

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, "ஸ்ஸ்" என்றாள்.

ஓடிப் போய்ப் பார்த்தான். அவள் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். "திடீர்னு ஜில்லுனு ஆச்சுங்க, ஐஸ் வெச்ச மாதிரி." சாம்பல் புள்ளி இல்லை. அந்த இடத்தில் கொஞ்சம் மஞ்சள் கூடின, ஈரம் காயாத ஒரு திட்டு.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். சந்தேகம் என்று ஒன்று இருந்தவரை அவனுக்கு நிற்க இடம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. தன் எதிரே துணி மடிக்கிறவளின் உயிர் ஒரு முடி அகல வண்ணத்தில் நின்றது, அதன்மேல் பாதுகாப்பென்று எதுவுமே இல்லை.

"கையக் காட்டு."

அவள் சட்டைக் கையைச் சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை திட்டுத் திட்டாகச் சாம்பல். மடித்து வைத்த வெள்ளைத் துண்டின்மேல் செதில்கள் உதிர்ந்தன. "தோல் உரியுதுங்க. மருந்தோட சூடுன்னு நெனைக்கிறேன். இன்னிக்கு சாயங்காலம் வெந்நி போட்டு, நல்லா நார் வெச்சு தேய்ச்சுக் குளிச்சா சரியாப் போயிடும்."

"வேணாம்!"

"ஏன் இப்படிக் கத்துறீங்க?"

"குளிக்காத. இன்னிக்கு மட்டும். தண்ணி படக் கூடாது. நான் சொல்றத கேளும்மா."

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மடித்த துணிகளின்மேல் கையை வைத்தபடி தலையாட்டினாள். இன்றைக்குக் கேட்பாள். நாளைக்கு அவன் பட்டறைக்குப் போன பிறகு?

அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். ஜன்னலைச் சாத்தினான். பொம்மையின் கைத் திட்டுகளை அடைத்தான். கழுத்தை அடைத்தான். பக்கத்து அறையில் ஒவ்வொரு தொடுதலுக்கும் "ஸ்ஸ்" என்ற சத்தம். தலைமுடி உலர்த்துகிற கருவியை ஓடவிட்டு, அறைக்காற்று சூடாகி, உதடு காயும்வரை பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே மழை இன்னும் கனத்தது. வார்னிஷ் ஸ்பிரே டப்பாவைக் குலுக்கினான். உள்ளே கலக்குகிற உலோகக் குண்டு டக் டக்கென்று அடித்தது. தெரியும் அவனுக்கு. மழை நாளில் கூடாது. தெரிந்தேதான் குலுக்கினான்.

ஒரு முழ தூரம். ஒரு வீச்சு. இன்னொரு வீச்சு.

விளக்குக்காரி ஈரத்தில் பளபளத்தாள். புருவ வெட்டு, மச்சம், கண்மணி எல்லாம் துல்லியமாக. அவனுக்கு அழுகை வந்தது. பிழைத்துவிட்டாள் என்று வாய்விட்டே சொன்னான்.

அப்போது பார்த்தான்.

பொம்மையின் கைவிளக்கு ஓரத்தில் மெல்லிய வெண்மை. பிறகு தோளில். பிறகு கழுத்தில். மூச்சுப் பட்ட கண்ணாடி போல அது ஏறியது. சூடு காட்டினான். நிற்கவில்லை. விரலால் துடைக்கப் போனவன் பயந்து கையை இழுத்துக்கொண்டான். உதடு மறைந்தது. மச்சம் மறைந்தது.

கண்கள் மறைந்தன.

பக்கத்து அறையில் துணி உதறுகிற சத்தம் நின்றது.

மழை. மழை மட்டும்.

"ஏங்க." சுவரைத் தடவுகிற கையின் சத்தம். "லைட்டப் போடுங்களேன். ஒரே வெள்ளையா இருக்கு."

கதவு திறந்தது. நெற்றியிலிருந்து கால்வரை பனி படிந்த மாதிரி அவள் நின்றாள். கண்கள் இருந்த இடத்தில் இமையும் இல்லை, விழியும் இல்லை. ஒரே வழவழப்பான வெண்மை. கையிலிருந்த துணியால் முகத்தைத் துடைத்தாள். ஒரு முறை. இரண்டு முறை, ஞாயிறுதோறும் துடைக்கிற மாதிரியே. எதுவும் வரவில்லை.

"சொதப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். குரலில் கோபமில்லை. உதடு அசையவில்லை.

"தெரியாம... மழை..."

"சரி விடுங்க." அவள் தடவித் தடவி மேசைவரை வந்தாள். அவனுடைய சாமான் எது எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாதா? குனிந்து ஜாடியை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். அறை முழுக்க நெடி ஏறியது. குதிரை வீரனின் முகம் அவள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை விளிம்பில் வழித்து விட்டாள்.

"தப்பாப் போனா இதுல ஊறப் போட்டுட்டு, மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிப்பேன்னு சொல்வீங்கல்ல?"

அவன் பின்னால் நகர்ந்தான். அலமாரி முதுகில் இடித்தது. தட்டில் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"என் மொகத்துக்குக் கலர் எப்படிக் கலந்தீங்கன்னு ஞாபகம் இருக்குல்லங்க?"

அவள் பழைய டூத் பிரஷ்ஷை அவன் பக்கம் நீட்டினாள். ஜாடியை இன்னொரு கையில் மார்போடு அணைத்துக்கொண்டு, அம்மா முகம் கழுவிவிடக் காத்திருக்கும் குழந்தை போல, அந்த வெள்ளை முகத்தை நிமிர்த்திக் காட்டிக்கொண்டு நின்றாள்.