ஒன்பது ஓட்டு... ஒரு பிணம்!

டயர்க் கடையின் ஃபோன் அலறியது.

எஃப்ரென் மக்காராயேக் அதை எடுக்கவில்லை. வெறித்துப் பார்த்தான்.

கொஞ்ச நாளாகவே ஃபோன் என்றால் அவனுக்குப் பயம். இருக்காதா பின்னே? சொந்த அண்ணனை வீட்டு கராஜில், ஆயில் மாற்றும் குழிக்குள் போட்டு, மேலே சிமென்ட் பூசி, அதன் மேல் பழைய டயர்களை அடுக்கி வைத்திருப்பவனாயிற்றே!

ஃபோன் விடுவதாக இல்லை. எடுத்தான்.

"ஹ... ஹலோ..."

"எஃப்ரென்! டெலிசா அக்கா பேசறேன்ப்பா."

நெற்றியில் குப்பென்று வியர்த்தது.

ஃப்ளோர்டெலிசா என்கிற டெலிசா அக்கா அடுத்த தெரு. இப்போது ரிடையர்டு. அதற்கு முன்னால்... போலீசில் கொலைக் கேஸ் பிரிவு!

"சொல்லுங்கக்கா..."

"ஓட்டு விஷயமாத்தான் கூப்பிட்டேன். உங்க வீட்லேர்ந்து தபால்ல போன கவர் இருக்குல்ல, அதுல ஒண்ணு மாட்டிக்கிச்சு. மேல போட்ட கையெழுத்து ஆபீஸ் ரெக்கார்டுல இருக்கறதோட பொருந்தலையாம். அது யாரோடதுன்னா..."

"அண்ணன் ஊர்லயே இல்லக்கா!"

கத்திவிட்டான்.



"எதுக்குப்பா இப்படிக் கத்தறே? ரொஹேலியோ எங்கே?"

"பிலிப்பைன்ஸ்... பங்கசினான்ல எங்க ஊருக்கு... சித்தி பையன் கல்யாணம்..."

"அன்னிக்குக் கேட்டப்பவும் கல்யாணம்னுதானே சொன்னே? போன மனுஷன் அங்கேயே மாப்பிள்ளையாயிட்டாரா?"

எஃப்ரென் சிரிக்க முயன்றான். இருமல்தான் வந்தது.

"சரி விடு. ஒரு ஃபாரம் இருக்கு. அதுல கையெழுத்து வாங்கிட்டா ஓட்டு செல்லும். நாளைக்குத்தான் கடைசி நாள். இன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கே வந்துடறேன்."

டொக்!

இந்தப் பாழாய்ப் போன 'ஜே' தீர்மானம் மட்டும் ஓட்டுச் சீட்டில் வராமல் இருந்திருந்தால், ரொஹேலியோ இந்நேரம் சமையலறையில் பூண்டு சாதம் வறுத்துக்கொண்டிருப்பார்.

கேனரி தெருவில் இனி கார்களுக்குத் தடை. ஜனங்கள் நடக்கலாம், பிள்ளைகள் சைக்கிள் விடலாம். வேண்டுமா... வேண்டாமா?

சான் பிரான்சிஸ்கோ முழுக்க இரண்டு கோஷ்டியானது. மக்காராயேக் வீடும்தான்!

அண்ணன் ரொஹேலியோ பஸ் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். 'ஆமாம்' கோஷ்டிக்கு அவர்தான் தளபதி. தம்பிக்கோ அதே தெருவில் டயர்க் கடை. கார் வராத தெருவில் டயர் விற்று யாருக்கு மாட்டுவது, நாய்க்குட்டிக்கா?

அன்றைக்கு கராஜ் படிக்கட்டில் வார்த்தை தடித்தது.

"நீ போடற ஓட்டு என் வயித்துல அடிக்குதுண்ணே!"

"அந்தத் தெருவுல எத்தனை பசங்க அடிபட்டிருக்குன்னு தெரியுமாடா உனக்கு? பஸ்ஸை நிறுத்திட்டு இறங்கி, இந்தக் கையால தூக்கியிருக்கேன்!"

"அப்ப என் பொழைப்பு?"

"உனக்கு வேற தெருவுல கடை பிடிச்சுத் தர்றேன்டா, முட்டாள்!"

தள்ளிவிட்டான். ஒரே ஒரு தள்ளு!

கொல்ல நினைக்கவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் கீழே இருந்தது சிமென்ட் தரை.

உடனே ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அந்த நிமிஷத்திலிருந்துதான் எஃப்ரெனால் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதோடு முடிந்ததா? இல்லை!

யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதுதான் இந்த ஊரில் ரகசியம். யார் போட்டாயிற்று, யார் இன்னும் போடவில்லை என்பது தினமும் கோஷ்டிக்காரர்கள் கைக்கு வந்துவிடும். போடாதவன் வீட்டுக் கதவு தேயும்வரை தட்டுவார்கள். அண்ணனின் கூட்டாளி நெஸ்டர் தட்டினார்.

"உங்க அண்ணன் பேருக்கு நேரா இன்னும் டிக் விழலப்பா! தளபதியே ஓட்டுப் போடலைன்னா எங்க மானம் என்ன ஆவறது?"

"அவசரமா ஊருக்குப் போயிட்டாருண்ணே..."

"ரொஹேலியோவா? ஓட்டுப் போடாம பாத்ரூமுக்குக்கூடப் போகமாட்டாரு! நிரப்பி, வீட்லதான் எங்கேயோ வச்சிருப்பாரு. நான் வேணா உள்ள வந்து தேடட்டுமா?"

"வே... வேணாம்! நானே தேடிப் போட்டுடறேன்!"

அன்று முழுக்க உட்கார்ந்து அண்ணனின் கையெழுத்தைப் பழகினான் எஃப்ரென். பார்த்துப் போட எதிரே வைத்திருந்தது எது தெரியுமா? அவன் டயர்க் கடை ஆரம்பிக்க அண்ணன் ஜாமீன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரம்! பேருக்கு அடியில் அண்ணன் இழுக்கும் அந்த நீளமான சுழி மட்டும் லேசில் படியவில்லை. காகிதம் காகிதமாகக் கிழித்து, கடைசியில் படிந்தது.

நிரப்பாமல் கிடந்த அண்ணனின் சீட்டில் 'வேண்டாம்' என்று குறித்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

கை வரவில்லை. 'ஆமாம்' கட்டத்தையே கறுப்பாக்கினான். செய்த பாவத்தில் கடுகளவாவது குறையாதா என்று ஒரு நப்பாசை.

அப்படியே தன் சீட்டில் 'வேண்டாம்' குறித்து, கையெழுத்துப் போட்டு, இரண்டு கவரையும் சேர்த்தே தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

டிக் விழுந்தது. நெஸ்டர் தட்டுவதை நிறுத்தினார்.

இப்போது... டெலிசா அக்கா!

சாயங்காலம். ஜன்னலுக்கு வெளியே பனி மூட்டம்.

டக்... டக்... டக்!

கதவைத் திறந்தான். கழுத்து வரை ஜிப் போட்ட ஜாக்கெட்டில் டெலிசா அக்கா. கையில் ஒரு காகிதம். போலீஸ்காரக் கண்கள் வீட்டை ஒரு சுற்று சுற்றின.

"என்னப்பா, மேஜைல ரெண்டு தட்டு வச்சிருக்கே? விருந்தாளியா?"

எஃப்ரென் திரும்பிப் பார்த்தான். ஆமாம்... இரண்டு தட்டு! தினமும் இப்படித்தான். கை தானாக இரண்டு எடுத்து வைத்துவிடுகிறது.

"பழ... பழக்க தோஷம்க்கா. உக்காருங்க. காபி?"

"குடு. பன் இருந்தா அதையும் குடு. காலைலேர்ந்து வீடு வீடா ஏறி இறங்கி முட்டி கழண்டு போச்சு."

காபிக் கோப்பையும் பன்னும் வந்தன.

"எண்ணிக்கை கேட்டியா? மொதல் நாள் 'ஆமாம்' பக்கம் ஆயிரக்கணக்குல முன்னால நின்னுச்சு. அப்புறம் முந்நூறு. நேத்து நாப்பது. இன்னிக்கு எவ்வளவு தெரியுமா? ஒன்பது! எட்டு லட்சம் பேர் இருக்கற ஊர்ல, வெறும் ஒன்பது ஓட்டு!"

"அ... அப்படியா?"

"அதான் இந்த ஓட்டம். ஒரு கையெழுத்து ஒரு பவுன் மாதிரி இப்போ."

ஃபாரத்தை மேஜையில் விரித்தாள். பேனாவை அதன் மேல் வைத்தாள்.

"எண்ணற இடத்துல நின்னு பார்க்க எங்களையும் விடுவாங்க. அந்தக் கவரை என் கண்ணாலயே பார்த்தேன் எஃப்ரென்."

எஃப்ரென் கராஜ் பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

"சர்வீஸ்ல எத்தனையோ கையெழுத்து பார்த்திருக்கேன். இது வேடிக்கையா இருந்துச்சுப்பா. பேர் ஒருத்தர் பேரு... கை இன்னொருத்தர் கை!"

சிரித்தபடி பன்னைப் பிட்டாள் டெலிசா அக்கா.

எஃப்ரெனுக்கு அது சிரிப்பாகப் படவில்லை. தெரிந்துவிட்டது! எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாள்! விளையாடுகிறாள்!

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான்க்கா... நான்தான்!"

"என்னப்பா?"

"அண்ணன் கையெழுத்தை நான்தான் போட்டேன்! அவர் எந்தக் கல்யாணத்துக்கும் போகல... கீழே இருக்காரு... கராஜ்ல... டயருக்குக் கீழே, சிமென்ட்டுக்குக் கீழே..."

பன் பிட்ட கை பாதியில் நின்றது.

"தள்ளினது நெஜம்க்கா. ஆனா... விழுந்தப்ப மூச்சு இருந்துச்சு! என்னைப் பார்த்தாரு. 'ஃபோன் பண்ணுடா'ன்னாரு. ஃபோனைக் கைல வச்சிக்கிட்டே நின்னேன்க்கா... மூச்சு நிக்கற வரைக்கும் நின்னேன்! அப்பா செத்தப்புறம் என்னைத் தோள்ல தூக்கி வளர்த்தவரு... ஒரு ஃபோன்தானே கேட்டாரு!"

தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

டெலிசா அக்கா பன்னை மெல்லக் கீழே வைத்தாள். எழுந்துபோய் கராஜ் படிக்கட்டின் விளக்கைப் போட்டு எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தாள். செல்ஃபோனில் சுருக்கமாக நாலு வார்த்தை பேசினாள். அவள் கண் ஈரமாக இருந்தது.

"ரொஹேலியோ ஓட்டற பஸ்லதான்டா நான் தினமும் டியூட்டிக்குப் போவேன். ஓடி வந்தா எனக்காக நிறுத்துவாரு."

"கையெழுத்தைப் பார்த்ததுமே கண்டுபிடிச்சிட்டீங்க இல்லக்கா?"

"எந்தக் கையெழுத்தை?"

"அண்ணனோடது... பொருந்தாம போனது..."

டெலிசா அக்கா அவனையே பார்த்தாள்.

"உங்க அண்ணன் கையெழுத்து அச்சா பொருந்திருச்சுடா. மொதல் நாளே எண்ணியாச்சு."

"அ... அப்புறம்?"

"பொருந்தாதது உன்னோடது!"

எஃப்ரென் விக்கித்துப் போனான்.

"எ... என்னோடதா?"

"உன் பேருக்கு அடியில ஒரு நீளமான சுழி. உன் பழைய கையெழுத்து எதுலயும் அது கிடையாது. யாரோ உனக்காகப் போட்டிருக்காங்க, வயசானவங்க யாராவது போட்டுக் குடுத்திருப்பாங்கன்னு சிரிச்சுக்கிட்டே வந்தேன். ஃபோன்லயே உன் பேரைத்தான் சொல்ல வந்தேன். எங்கே சொல்ல விட்டே?"

தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான் எஃப்ரென். நாள் முழுக்க அண்ணனின் கையெழுத்தைப் பழகிய கை, அதே சூட்டில் தன் கவரிலும் அண்ணனைக் கொண்டுவந்து வைத்துவிட்டிருந்தது!

"ஆனா... அண்ணனோட கோஷ்டிதானே உங்களை அனுப்பியிருக்கும்னு..."

டெலிசா அக்கா ஜாக்கெட் ஜிப்பைக் கீழே இழுத்தாள்.

உள்ளே பளிச்சென்று ஒரு பேட்ஜ். 'ஜே... வேண்டாம்!'

"நான் உங்க கோஷ்டிடா! நம்ம ஆளுங்க ஓட்டு வீணாகக் கூடாதுன்னு அலையறவ. 'ஆமாம்' தளபதி கையெழுத்து பொருந்தலைன்னா நான் எதுக்கு ஃபாரம் தூக்கிட்டு வரப்போறேன்? வீட்ல கேக் வெட்டியிருப்பேன்!"

தெருக்கோடியில் சைரன் கேட்டது.

எஃப்ரென் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பல நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்ட மாதிரி இருந்தது.

"அந்த ஓட்டு... நான் போட்ட அண்ணன் ஓட்டை இனிமே எடுத்துடுவாங்களாக்கா?"

"கவரைப் பிரிச்சு சீட்டையெல்லாம் கலந்தாச்சு. எது யாரோடதுன்னு அந்த ஆண்டவனாலயும் பிரிச்சு எடுக்க முடியாது."

"நல்லதுக்கா," என்றான் எஃப்ரென். "அவர் ஆசைப்பட்ட ஓட்டு அது. இருக்கட்டும்."

சைரன் வாசலுக்கே வந்துவிட்டது. கார்க் கதவுகள் அறைபடும் சத்தம்.

டெலிசா அக்கா பேனாவை எடுத்து அவன் விரலுக்குள் செருகினாள். ஃபாரத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"தீர்ப்பு வர்ற வரைக்கும் உனக்கு ஓட்டுரிமை உண்டு தம்பி. விலங்கு மாட்டறதுக்குள்ள சட்டுனு போடு... இந்தத் தடவையாவது உன் கையெழுத்தைப் போடு!"