மாற்றாமல் விட்ட எண்

திரை பூஜ்யம் காட்டியது. ஸ்டெஃபனிக்கு அது பிடிக்கவில்லை. பிரவீனாவின் கேக் தளத்தைத் தன் கைப்பேசியில் அவளே திறந்து வைத்திருக்கிறாள். இப்போது தளத்தில் எத்தனை பேர் என்று சொல்லும் அறிக்கையில் அவள் ஒருத்தியாவது விழவேண்டுமே. ஸ்கூடாய் ஊரின் மத்தியான மழை சமையலறைத் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது, பாண்டான் இலை வாசனையும் மாவு அடிக்கும் மெஷினின் இரைச்சலும் கலந்து முன்கூடம்வரை வந்தன.

"பிரவீனா, ஆர்டர் யாராச்சும் போட்டாங்களா?"

"ரெண்டு பேரு லா," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ஒருத்தரு பேரே போடல. எப்ப வரலாம்னு கேட்டாரு. நாலு மணின்னுட்டேன்."

ஆக, ஆட்கள் வந்திருக்கிறார்கள். பிறகு கணக்கு எங்கே போயிற்று?

தளம் ஒவ்வொன்றிலும் ஓர் அடையாள எண் பதிந்திருக்கும். யார் வந்தார்கள், எந்த ஊர், எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்ற தகவலெல்லாம் அந்த எண்ணுக்குரியவரிடம் போய்ச் சேரும். ஸ்டெஃபனி தளத்தின் நிரலைத் திறந்து பார்த்தாள். எண் பிரவீனாவுடையது அல்ல. முன்பு மூவாரில் ஒரு நாற்காலி, கட்டில் கடைக்குச் செய்த தளத்தை அப்படியே நகலெடுத்து, படத்தை மாற்றி, பெயரை மாற்றி, வண்ணத்தை மாற்றியவள் எண்ணை மட்டும் விட்டுவிட்டாள். பாழாய்ப்போன சோம்பல்.

அந்தக் கடை ரூபேந்திரனுடையது. பிரவீனாவின் புருஷன். மூன்று மாதத்துக்கு முன் அவள் விலா எலும்பை உடைத்து, அடுத்த தடவை உயிரோடு விடமாட்டேன் என்றவன். அவனுக்குப் பயந்துதான் பிரவீனா தன் பள்ளித்தோழி ஸ்டெஃபனியின் வீட்டில், வேறு பெயரில் கேக் விற்றுக்கொண்டு ஒளிந்திருக்கிறாள்.

பழைய கடவுச்சொல் இன்னும் வேலை செய்தது. அவனுடைய அறிக்கை திறந்தது. ஸ்டெஃபனி தன் கையாலேயே தட்டிய பக்கத் தலைப்பு அங்கே முழுசாகக் கிடந்தது: வீட்டு எண், தெரு, 'பின் கதவில் வந்து வாங்கிக்கொள்ளவும்'. நேற்று மூவாரிலிருந்து அதே பக்கத்தை அறுபத்தொரு தடவை பார்த்திருக்கிறார்கள். இன்று இரண்டு மணிக்கு மேல் யோங் பெங், மூவாரிலிருந்து ஸ்கூடாய் வரும் வழியில். கொஞ்சம் முன்பு கூலாய், ஸ்கூடாய்க்கு அடுத்த ஊர்.

அவன் இங்கேதான் வந்துகொண்டிருக்கிறான். அந்த நிமிடமே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. வெட்கம் வாயைக் கட்டியது. என் தப்பு என்று எந்த முகத்தோடு சொல்வது? முதலில் எண்ணைச் சரிசெய்துவிடலாம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவசரமாக மாற்றி, சேமித்தாள்.

அறிக்கை உயிர்பெற்றது.

ஒன்று. அது அவள்.

இரண்டு.

இரண்டாவது ஆளின் ஊர்: ஸ்கூடாய்.

"பிரவீனா, பின் கதவத் தொறக்காத!"

மெஷின் மட்டும் ஓடியது. அதற்கு அடியில் வேறொரு சத்தம். தொப். ஈரமான சத்தம். மறுபடி தொப்.

ஓடினாள். கால் வழுக்கியது. தரையெல்லாம் சூடான ரத்தம்.

பின் கதவு விரியத் திறந்திருந்தது. பிரவீனா குப்புறக் கிடந்தாள், பின்னந்தலை உள்ளே போயிருந்தது. அவள் முதுகின்மேல் முழங்காலை ஊன்றி ரூபேந்திரன். ஒரு கையில் சுத்தியல். மறு கையில் ஒளிரும் கைப்பேசி.

"வீட்டக் கண்டுபிடிக்க கஷ்டமே இல்ல, ஸ்டெஃபனி," என்றான், தலையைத் தூக்காமல். "ரொம்ப தேங்க்ஸ்மா."

பிரவீனாவின் விரல்கள் இன்னும் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. அவன் அதைப் பார்த்தான். கைப்பேசியைக் கவனமாக மேசைமேல் வைத்துவிட்டு, சுத்தியலை இரண்டு கையாலும் பிடித்தான்.